நீலவானின் பத்தடி

ஆகஸ்ட் 4

இன்றிலிருந்து எனக்கு இரண்டு நாட்குறிப்பு. ஒன்று தலைமை அலுவலகத்துக்கு. "ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள பசுமைப் பொறுப்பாளர் அன்றாடம் செய்ததைக் கணினியில் பதிவிட வேண்டும்" என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதில் எழுத முடியாததை எழுதுவதற்கு இது. என் மனைவி கோமளாவுக்கு அவள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

நான் பசுமைப் பொறுப்பாளர் ஆனது ஏப்ரலில். ஆளைத் தேர்ந்தெடுக்க நடந்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, பல் பிடுங்கப் போயிருந்தேன். வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள். நீலவான் ஏர் இந்த ஊருக்கு விடுவது தினமும் இரண்டே விமானம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு நிலைய மேலாளர் சிதம்பரநாதனாகிய நான். டிக்கெட், பெட்டி, சக்கர நாற்காலி, சண்டைக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் போதாதென்று இப்போது பூமியும் என் பொறுப்பு.

ஆகஸ்ட் 9

ஓடுபாதைக்குக் கிழக்கே மேலச்சேந்தன்குடியில் மரக்கன்று நடும் விழா. கன்றுகள் தலைமை அலுவலகமே அனுப்பியவை: அத்தி, நாவல், ஆல், கொய்யா, மொத்தம் இருநூறு. பேனர் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது பஞ்சாயத்துத் தலைவி பாண்டீஸ்வரி ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தினார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பேச்சு மட்டும் கலெக்டரை விசாரிக்கிற மாதிரி.

"சார், கன்னு நட்டது சந்தோசம். தண்ணி யாரு ஊத்துறது?"

"பஞ்சாயத்துல சொல்லி..."

"பஞ்சாயத்துங்கிறது நாந்தான் சார். எங்களுக்கே குடிக்க லாரித் தண்ணி. உங்க கன்னுக்கு எங்கிட்டுப் போறது?"

பிறகு கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். ஊருக்கு ஒரு கண்மாய். மழைத் தண்ணீரை அதற்குக் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மண் மேடேறி, சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. ஆறு வருடமாகக் கண்மாய் நிறையவில்லை. கிணறுகளும் செத்துவிட்டன. ஐப்பசி மழைக்குள் இந்த வரத்துக்காலை வெட்டிக் கொடுத்தால் போதும், கன்றெல்லாம் வேண்டாம் என்றார்.

"பாக்கலாம்மா" என்றேன்.

"பாக்கலாம்னா செய்ய மாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? நானும் நாலு பேருக்குச் சொல்லிருக்கேன்ல."

எனக்குச் சுருக்கென்றது. "செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 18

சென்னையில் சமூகப் பொறுப்புப் பிரிவின் தலைவி மிருணாளினி துள்ளிக் குதிக்காத குறை. "தண்ணி! ரொம்ப நல்ல விஷயம் நாதன் சார். கன்னு நடுறதை எல்லாக் கம்பெனியும் பண்றாங்க" என்றார். அனுமதி வந்துவிட்டது. மண் வெட்டும் இயந்திரம் செப்டம்பர் முதல் வாரம் வரும். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. நான்கு மெயில், ஏழு போன், ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் முழுக்க நடந்து எடுத்த அறுபது படம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31

மாதக் கடைசி. கையெழுத்து நாள். பதினான்கு தாள். தீயணைப்புக் கருவி சரி, சக்கர நாற்காலி சரி, விமானத்தில் மிஞ்சிய உணவுக் கழிவு முறைப்படி அகற்றப்பட்டது சரி. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன். பழகிய கை.

செப்டம்பர் 3

இயந்திரம் வந்து இறங்கியது. ஊரே வரப்பில் நின்று பார்த்தது. முதல் வாளி மண் எடுத்தபோது பாண்டீஸ்வரி கை தட்டவில்லை. "ஒன்றரைக் கிலோமீட்டரும் முடியட்டும் சார், தட்டுறேன்" என்றார். கறார் பேர்வழி.

செப்டம்பர் 11

காலை விமானம் மேற்குப் பக்கமாக இறங்கும்போது பருந்து ஒன்று இடப்பக்க எஞ்சின் விசிறியில் அடித்தது. நிலையக் கண்ணாடிக்கு உள்ளே இருந்த எனக்கே 'டப்' என்று கேட்டது. ஓட்டிவந்தவர் கேப்டன் ரெஹானா. ஒரு கோணலும் இல்லாமல் இறக்கினார். அறுபத்திரண்டு பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். அதில் ஒரு கைக்குழந்தை.

ரெஹானா இறங்கிவந்து விசிறியைச் சுற்றிப் பார்த்தார். தகடு மடங்கியிருந்தது. "இன்னும் ரெண்டடி தள்ளி அடிச்சிருந்தா என் கண்ணாடி, நாதன் சார்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்கத்தான் அவரால் முடியவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தேன்.

திரும்பிப் போக வேண்டிய பயணிகள் மூன்று மணி நேரம் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார்களே.

செப்டம்பர் 13

பாதுகாப்புப் பிரிவின் கடிதம். விமான நிலையத்தின் அருகே நீர்நிலை உண்டானால் பறவைகள் பெருகும், எனவே கண்மாய் வேலையை உடனே நிறுத்தவும், பழமரக் கன்றுகளைப் பிடுங்கவும்.

கன்று விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம். பறவை இறங்கக் கூடாத இடத்தில் அத்தியும் நாவலும் ஆலும் கொய்யாவும் நட்டிருக்கிறோம், பந்தி போட்ட மாதிரி. பட்டியலைத் தயாரித்தது சென்னை, கொட்டை எழுத்தில் பேனர் அடித்தது சென்னை, ஒருவருக்கும் தோன்றவில்லை. விமானக் கம்பெனியில் முப்பது வருடம் இருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

வரத்துக்காலில் இன்னும் நானூறு மீட்டர் பாக்கி. இயந்திரத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நானூறு மீட்டர் பாக்கி என்றால் வெட்டாத மாதிரிதான், ஒரு சொட்டு கண்மாய்க்குப் போகாது.

செப்டம்பர் 14

மேலச்சேந்தன்குடிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தலைவலி. போகவில்லை.

செப்டம்பர் 15

போனேன். பாண்டீஸ்வரி ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தார். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். கத்துவார் என்று நினைத்துத் தயாராக நின்றேன். கத்தவில்லை.

"என்ன பறவை சார் அடிச்சது?"

"பருந்து."

"எங்க கண்மாய்ல ஆறு வருசமாத் தண்ணியே கிடையாது. அந்தப் பருந்து என்ன, புழுதி குடிக்கவா வந்துச்சு? ஏறுங்க வண்டியில."

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். இந்த வயதில் இது வேறு. ஓடுபாதைக்கு மேற்கே பழைய கல்குவாரிப் பள்ளம். கிட்டே போவதற்கு முன்பே நாற்றம். மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, ஐம்பதுக்குக் குறையாது. விமானம் இறங்கும் வழிக்கு நேர் கீழே.

பள்ளத்தில் குப்பை. எல்லாம் எங்களுடையது இல்லை, ஊர்க் கறிக்கடைக் கழிவும் கிடந்தது. ஆனால் எங்களுடையதும் கிடந்தது. நீல இறகு முத்திரை போட்ட அட்டைப் பெட்டிகள், பாதி தின்ற சிக்கன் ரோல், நீலக் கைத்துடைப்புத் தாள். நூற்றுக்கணக்கில். கழிவை நகராட்சி உரக்கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டிய காண்ட்ராக்ட்காரன், பாதி தூரத்திலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"எத்தனை மாசமா?" என்று கேட்டேன்.

"சித்திரையிலருந்து. உங்க ஆபீஸ்ல மனுக் குடுத்தேனே சார். சீல் குத்தி வாங்கிக்கிட்டாய்ங்க."

அங்கே ரொம்பப் புழுதி. கண்ணில் விழுந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

மாலையில் மேசை இழுப்பறையைத் தேடினேன். மனு இருந்தது. மே ஆறாம் தேதி. மூலையில் என் கையெழுத்தில் "பார்க்கலாம்."

செப்டம்பர் 16

கழிவு முறைப்படி அகற்றப்பட்டது என்று ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஐந்து தாள். ஐந்திலும் என் கையெழுத்து. ஒரு தடவைகூட நான் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கைக்குழந்தைக்குச் சிவப்புத் தொப்பி. அது ஏன் நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17

இரண்டு அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதில், அடையாளம் தெரியாதவர்கள் பள்ளத்தில் குப்பை கொட்டுகிறார்கள் என்று இருக்கிறது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதை அனுப்பினால் விசாரணை ஆறு மாதம் நடக்கும். மழை அதற்குள் வந்து போய்விடும். இரண்டாவதில் ஐந்து தாளின் நகலும் மனுவின் நகலும் இருக்கின்றன. அதை அனுப்பினால் வேலை உடனே நடக்கலாம். என் வேலை நிலைக்குமா என்பது வேறு விஷயம்.

கோமளா இரண்டையும் படித்தாள். கணக்கு டீச்சர், சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

"மொத அறிக்கையில தப்பு எதுவும் இல்ல" என்றாள்.

"அப்ப அதையே அனுப்பட்டுமா?"

"விடையும் இல்ல. நான் சைபர் போடுவேன்."

செப்டம்பர் 18

இரண்டாவதை அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 22

சென்னையிலிருந்து சத்தமே இல்லை. தலைமை அலுவலக டைரியில் "வழக்கமான பணிகள்" என்று பதிவிட்டேன்.

காலை விமானத்தில் ரெஹானா வந்தார். அடுத்த புறப்பாட்டுக்கு நேரம் இருந்தது. "அந்த இடத்தைக் காட்டுங்க" என்றார். வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை, அதோடு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார். நீல முத்திரைப் பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதையும்.

"உங்க மேல பயங்கரக் கோபம் வருது சார்" என்றார் ரெஹானா.

"வரணும்மா" என்றேன்.

"ஆனா சொன்னீங்க. நான் இந்தப் பருந்துக் கூட்டத்தை நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். மேற்குப் பக்கம்னு தெளிவா எழுதினேன். கிழக்க இருக்கிற கண்மாயை நிறுத்தியிருக்காங்க. இன்னைக்கே திரும்ப எழுதறேன்."

செப்டம்பர் 27

சென்னையிலிருந்து இரண்டு பேர். மிருணாளினி, பாதுகாப்புப் பிரிவின் விஸ்வநாத். விஸ்வநாத் சிரிக்காத மனிதர். பள்ளத்தையும் கண்மாயையும் நாள் முழுக்க அளந்தார். மாலையில் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: கடும் எச்சரிக்கைக் கடிதம், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். வேலை இருக்கிறது. நான் தலையாட்டினேன். வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

கண்மாய் விஷயத்தில் அவர் பாண்டீஸ்வரியிடம்தான் பேசினார். பள்ளத்தை மூடி, பருந்து எண்ணிக்கை பத்துக்குக் கீழே வந்து பத்து நாள் அப்படியே நின்றால் அனுமதி. கரையில் பழமரம் கூடாது, வெட்டிவேர் நடலாம். மீன் பிடித்தால் கழிவைக் கரையில் போடக் கூடாது. தண்ணீர் வந்த பிறகும் பறவை எண்ணிக்கை தொடர வேண்டும், கூடினால் மறுபடி பேச வேண்டும்.

"சரி. அந்த இருநூறு கன்னு?" என்றார் பாண்டீஸ்வரி.

"பிடுங்கணும்."

"பிடுங்கிக் கெடாசுறதுக்கா நட்டீங்க? எங்க அம்மா ஊரு முப்பது மைலு. உங்க லாரியில ஏத்தி அனுப்புங்க, அங்க ஒரு விமானமும் வராது."

விஸ்வநாத் அப்போதுதான் சிரித்தார்.

செப்டம்பர் 30

காண்ட்ராக்ட்காரனை நீக்கியாயிற்று. பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். நகராட்சி கறிக்கடைகளுக்கு வண்டி விட ஒப்புக்கொண்டது. எங்கள் உணவுக் கழிவை இனி மகளிர் குழுவின் மூடிய எருக்குழிக்கு அனுப்புகிறோம். டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா என்று கேட்கச் சொல்லி எழுதினேன், இந்த ஒரு தடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சம்மதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். இத்தனை நாள் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்று மாதக் கடைசி. பதினான்கு தாளுக்கும் கையெழுத்துப் போட ஆறு மணி நேரம் ஆனது. தீயணைப்புக் கருவி ஒன்று காலாவதி.

அக்டோபர் 2

காலை ஏழு மணிக்குப் பருந்து எண்ணுவது என் வேலை. நாற்பத்தொன்று.

அக்டோபர் 4

இருபத்தாறு. கோமளாவும் வந்தாள். நான் எண்ணியது சரியில்லையாம், அவள் கணக்குக்கு இருபத்தெட்டு. அவள் சொன்னதையே எழுதினேன்.

அக்டோபர் 6

ஒன்பது. இனி பத்து நாள் இது ஏறக் கூடாது. வானிலைச் செய்தியில் இருபதாம் தேதி வாக்கில் மழை என்கிறார்கள். மழை முந்திக்கொண்டு வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது, மழை வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11

ஏழு.

அக்டோபர் 16

நான்கு. அனுமதி வந்துவிட்டது! மெயிலைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கை குலுக்கினேன். அவள் பயந்துவிட்டாள்.

ஆனால் இயந்திரம் நவம்பர் பத்துக்கு முன்னால் கிடையாதாம். மழைக்கு இன்னும் நாலே நாள். போனில் பாண்டீஸ்வரியிடம் சொன்னேன்.

"விடுங்க சார். மிசினு வர்றதுக்கு முன்னாடி எங்க ஆளுக கண்மாயைப் பார்த்ததே இல்லையா? குடிமராமத்துப் போட்டுருவோம்" என்றார். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வேலை செய்ய வேண்டும். கயிறு பிடித்து ஆளுக்குப் பத்தடி அளந்துவிடுவார்கள். அவரவர் பங்கை அவரவர்தான் வெட்ட வேண்டும், அடுத்த வீட்டுக்காரன் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீட்டுக்கு அவமானம். ஊரில் நூற்று முப்பது வீடு. நானூறு மீட்டருக்குச் சரியாகத்தான் வரும் என்று பார்த்தால் பத்தடி இடிக்கிறதாம்.

"அந்தப் பத்தடி உங்களுது" என்றார்.

"எங்களுதா?"

"இந்த ஊருக்கு மேலதான ரெண்டு வேளையும் பறக்குறீங்க? நீலவானும் ஒரு வீடுதான். ஒரு ஆளு வந்துரணும்."

அக்டோபர் 18

ஊர்ப் பெயரேட்டைப் பாண்டீஸ்வரி வாசித்தார். கருப்பாயி வீடு, சோணைமுத்து வீடு, மொட்டையன் வீடு, கடைசியில் "நீலவான் வீடு." "இருக்கேன்" என்றேன். சிரித்தார்கள்.

மண்வெட்டி பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று. பிடித்ததே இல்லை என்பதுதான் நிஜம். பத்து மணிக்கெல்லாம் மற்றவர்கள் முடித்துக் கரையேறிவிட்டார்கள். என் பத்தடியில் கருவேல வேர் குறுக்கே கிடந்தது, தொடை கனத்துக்கு. பக்கத்துப் பங்கின் கருப்பாயி அம்மாள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "குனிஞ்சு வெட்டுங்க சாரு, மண்ணு மேல வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணிவரை வெட்டினேன். மாலை விமானத்துக்குப் போயாக வேண்டும். வேர் கிடந்த இடத்தில் கொஞ்சம் ஆழம் குறைவுதான், தண்ணீருக்கு அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. முடித்துவிட்டேன்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கோமளா மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

அக்டோபர் 21

இரவெல்லாம் மழை. காலையிலும் விடவில்லை. மாலை நான்கு மணிக்குப் பாண்டீஸ்வரி போன்: "தண்ணி வருது, வாங்க!"

போனபோது ஊரே வரத்துக்காலின் இரு கரையிலும் நின்றது. அவரவர் பங்குக்கு நேரே அவரவர் நிற்க வேண்டுமாம். தண்ணீர் தாண்டும்போது வீட்டுப் பெயரைக் கூவ வேண்டும். இது எனக்குத் தெரியாது. தூரத்திலிருந்து குரல்கள் வரத் தொடங்கின. சோணைமுத்து வீடு! மொட்டையன் வீடு! ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் எங்கள் பக்கம் நெருங்கின. கூடவே செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது.

என் பத்தடியில் நின்றது.

வேர் கிடந்த மேட்டில் முட்டிப் பின்வாங்கியது. குரல்கள் அடங்கிவிட்டன. நூற்று முப்பது வீடும் என்னைப் பார்த்தது. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் கரையை உடைத்துக்கொண்டு கடலைக் காட்டுக்குள் போய்விடும். சோணைமுத்து மண்வெட்டியோடு ஓடிவந்து, என் பங்கின் எல்லையில் நின்றுவிட்டார். தாண்டவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் பட்ட வெட்கம் மொத்தமும் அந்த இடத்தில் சேர்ந்து வந்தது. பூட்ஸோடு உள்ளே குதித்தேன்.

"சார், பேண்டு!" என்று கத்தினார் பாண்டீஸ்வரி.

"பேண்டு கிடக்கட்டும், கோடாலியைக் குடுங்க!"

யாரோ கோடாலியை நீட்டினார்கள். தண்ணீருக்குள் வேர் தெரியவில்லை. காலால் தடவிப் பார்த்து அங்கேயே வெட்டினேன். கொப்புளமெல்லாம் உடைந்துவிட்டது. "இன்னும் வலப்பக்கம் சாரு, வலப்பக்கம்!" என்று கருப்பாயி அம்மாள் கத்தினார். கரையில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. இது என் வீட்டு வேலை என்று எனக்கும் தெரிந்திருந்தது. பதினைந்தாவது வெட்டோ இருபதாவதோ, வேர் விட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மண்ணை வாரிக் கரையில் எறிந்தேன்.

தண்ணீர் என் முழங்காலை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. விழுந்து எழுந்தேன். கூவ வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"பேரச் சொல்லுங்க சார்!"

சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். "நீலவான் வீடு!"

அடுத்த நொடி கருப்பாயி அம்மாள் தன் பெயரைக் கூவினார். அவருக்கு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று குரல்கள் கண்மாயை நோக்கி ஓடின. பாண்டீஸ்வரி கை தட்டிக்கொண்டே கரையோடு ஓடினார்.